அரிசியும் பயறும் எத்தனை நாள் தாங்கும்? பலசரக்குக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சாமானைக் கட்டி முடிக்கும் முன்னாலேயே "அண்ணாச்சி, இது எத்தன நாளு கெடக்கும்?" என்று கேள்வி வந்துவிடும். ஒரே பதிலைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

தொடங்கும் முன்னால் ஒரு விஷயம். பாக்கெட்டில் அச்சடித்த தேதியும், போனில் சுற்றும் 'எது எத்தனை மாதம்' பட்டியலும் காய்ந்த, வெக்கை குறைந்த இடத்தை நினைத்துப் போட்டவை. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் காற்றே நனைந்து கிடக்கும் ஊரில் நாள் கணக்கைவிட ஈரக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அடுக்களையில் ஈரம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு மீட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வீட்டு உப்புப் பரணிதான் (ஜாடிதான்) மீட்டர். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான உப்பு தண்ணீர் விடத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியமும் கொஞ்சம் கலந்திருப்பதால் அதற்குச் சற்று முன்னாலேயே கசியும். தானியத்தில் பூசணம் பிடிக்க ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட அதே ஈரத்தில்தான். காலையில் பரணிக்குள் கை விடும்போது உப்பு விரலில் ஒட்டினால், அன்றைக்கு அரிசி டப்பாவைத் திறந்துபோட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

ஒரே மாவட்டம்தான், ஆனாலும் ஊருக்கு ஊர் மாறும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றடித்துக் காய்ந்து கிடக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். ஒரே மூட்டையைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு ஊருக்கும் அனுப்பினால், மூன்று மாதம் கழித்து இரண்டும் வேறு வேறு அரிசி.

அரிசி எத்தனை மாதம் இருக்கும்?

எந்த அரிசி என்பதைப் பொறுத்தது. தீட்டிய வெள்ளை அரிசி, புழுங்கலானாலும் பச்சரிசியானாலும், தானாகக் கெடாது. அதில் எண்ணெய்ச் சத்து மிகக் குறைவு. ஈரமும் வண்டும் புகாமல் காற்றுப்புகாத பாத்திரத்தில் இருந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். பழசாக ஆகச் சோறு உதிரியாகவும் வரும். சாக்கை அவிழ்த்து அப்படியே புழங்கும் வீட்டில் நான் ஆறு மாதத்துக்குமேல் சொல்வதில்லை. புழுங்கல் அரிசிமணி கெட்டியாக இருப்பதால் வண்டுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பச்சரிசி சீக்கிரம் விழும்.

சிவப்புச் சம்பாவும் கைக்குத்தலும் வேறு கதை. தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும், தவிட்டில் எண்ணெய் இருக்கும், அது நாள்பட்டால் காறும். மூன்று மாதத்துக்கு மேல் போனால் மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். சத்துக்காக வாங்குகிற அரிசியை மொத்தமாக வாங்கி வைப்பதில் பொருளே இல்லை. மாதாமாதம் வாங்குங்கள்.

சொந்த வயல்காரர்கள் கேட்பதும் உண்டு. கன்னிப்பூ (முதல் போகம்) அறுப்பு மழையில் மாட்டிக்கொள்ளும். கும்பப்பூ (இரண்டாம் போகம்) அறுப்புக்குப் பின்னால் நல்ல வெயில் கிடைக்கும். வருஷத்துக்கு வைப்பதற்குக் கும்பப்பூ நெல்தான் தோது. ஈரம் 13 விழுக்காட்டுக்குக் கீழே வரணும். வாயில் ஒரு மணியைப் போட்டுக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் உணக்கணும். அரிசியாக வைப்பதைவிட நெல்லாக வைப்பதே நல்லது, உமியைவிட நல்ல பாக்கெட் கிடையாது. பத்தாயத்தில் நெல்லைப் போட்டு மாசத்துக்கு ஒருமுறை மில்லுக்குக் கொண்டுபோனவர்கள் விவரமானவர்கள். பத்தாயத்துக்குக் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கியதும் அழகுக்கு இல்லை.

டப்பாவை இறுக்கித்தானே மூடினேன், வண்டு எந்த வழியாக வந்தது?

உங்கள் வீட்டில் வரவில்லை, அரிசிக்குள்ளேயே வந்தது. கடைக்கு வரும் முன்னாலேயே ஏறியிருக்கும். பழியை என்மேல் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்!

பெண் வண்டு அரிசிமணியில் மூக்கால் ஒரு துளை போட்டு உள்ளே முட்டையிட்டு, மேலே பசைபோல ஒன்றால் அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம்மூர் வெக்கையில் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். வாங்கி ஐந்தாவது வாரம் திடீரென்று பிறந்ததுபோலத் தெரிவது இதனால்தான்.

ஃபிரிட்ஜில் இடமிருந்தால் நல்ல வழி ஒன்று உண்டு. வாங்கிய அரிசியை, ரவையை, பயறை இரண்டு இரண்டு கிலோவாகக் கவரில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் கட்டை அவிழ்க்காதீர்கள். முழுக்கச் சூடு ஏறும்வரை, அரை நாளாவது, அப்படியே கிடக்கட்டும். உடனே அவிழ்த்தால் குளிர்ந்த அரிசிமேல் காற்றின் ஈரம் வியர்வையாக இறங்கும், வண்டுக்குப் பதில் பூசணம் வரும்.

வெயிலில் போட்டால் வண்டு ஓடிவிடும், உண்மை. உள்ளே இருக்கும் முட்டை ஓடாது. கடும் வெயிலில் காய்ந்த அரிசி வேகும்போது உடைந்து குழையும் என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். பாய் விரித்து நிழலில் பரப்புங்கள், பிறகு சுளவில் புடைத்துவிடுங்கள்.

வண்டு விழுந்த அரிசியைச் சமைக்கலாமா?

புடைத்துக் கழுவினால் சமைக்கலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. மாவு மாதிரி உதிர்ந்து, கட்டி பிடித்து, வாடையும் அடித்தால் கோழிக்குப் போடுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் கோழிக்கும் வேண்டாம்.

வேப்பிலை, வசம்பு, வத்தல் மிளகாய் போட்டால் போதாதா?

வாடைக்குப் புது வண்டு அண்டத் தயங்கும். உள்ளே இருக்கிறதைக் கொல்லாது. போடுவதானால் வேப்பிலையை நொறுங்கும் அளவு உணக்கிப் போடுங்கள். பச்சையாகப் பறித்துப் போட்டு, அந்த இலையின் ஈரத்திலேயே மேல் அரிசி பூத்துப்போன டப்பாவைக் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு.

போரிக் பவுடர் கலப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அது கேரம் போர்டுக்கு, சோற்றுக்கு ஆகாது. கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். குடோனில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது "ஒண்ணு போடு, வண்டே வராது" என்று கொடுத்தால் வீட்டு நடைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். மூடிய அறையில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். ஈரக் காற்றுள்ள நம் ஊரில் அது இன்னும் வேகமாக வேலை செய்யும். யார் கேட்டாலும் நான் விற்பதில்லை.

பயறுமேல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, அது என்ன?

பயற்று வண்டின் முட்டை. அரிசி வண்டு உள்ளே ஒளித்து வைக்கும், இது வெளியே ஒட்டிவிட்டுப் போகும். சிறுபயறு, பெரும்பயறு, கொண்டைக்கடலை, முழு உழுந்து எல்லாவற்றிலும் வரும். வாங்கும்போது ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரன் முகம் கோணினால் கோணட்டும்.

உடைத்த பருப்பில் இந்த வண்டுக்கு அவ்வளவாகப் பிழைப்பில்லை. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உடைத்த உழுந்து எல்லாம் உலர்ந்த டப்பாவில் ஒரு வருஷம் தாங்கும். முழுப்பயறை ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. கூடுதலாக வைப்பதானால் ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் ஆமணக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பயறில் புரட்டிவிடுங்கள். வழுக்குகிற தோலில் முட்டை ஒட்டாது. கிழக்கே துவரையைச் செம்மண் கட்டி வைப்பதும் இதே யோசனைதான்.

என் சொந்த நஷ்டம் ஒன்றைச் சொல்கிறேன். கடை தொடங்கிய புதிதில், ஆனி மாதம், இரண்டு மூட்டைச் சிறுபயறை இறக்கி, இடமில்லாமல் பின்சுவர் ஓரம் வெறும் சிமெண்டுத் தரையில் சாய்த்து வைத்தேன். மேலிருந்து அளந்து விற்றுக்கொண்டே வந்தேன், நல்ல பயறு. முக்கால்வாசி தீர்ந்தபோது படி உள்ளே இறங்கவில்லை. சாக்கைக் கவிழ்த்தால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வட்ட அச்சுவெல்லம் மாதிரி ஒரே கட்டி. உடைத்தேன். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. சுவரைத் தொட்ட பக்கம் சாக்குநாரே பச்சை. சில மணிகள் முளைவிட்டுமிருந்தன. அன்றைக்கு வாங்கிப் போட்டதுதான் கடையில் இன்றைக்கும் கிடக்கிற பலகைக் கட்டை. தரையிலிருந்து நாலு விரல், சுவரிலிருந்து ஒரு சாண். வீட்டிலும் அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வைத்த கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லையே?

பழசு. வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாள்பட்டுக் கிடந்தால் பயறு கல்லாகிவிடும். கெடவில்லை, தின்னலாம். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

புட்டு மாவு, கோதுமை மாவு, ரவை?

எதையும் பொடித்துவிட்டால் ஆயுசு குறையும். வீட்டில் இடித்து வறுத்த அரிசி மாவு, நன்றாக வறுபட்டு முழுக்க ஆறியிருந்தால் இரண்டு மாதம். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து ஒரு வாரத்தில் புளித்த வாடை வரும். மில்லில் அரைத்த முழுக் கோதுமை மாவு இரண்டு மாதம், மழைக்காலத்தில் ஒரு மாதம் என்று வையுங்கள். மைதாவில் எண்ணெய்ச் சத்து மிகக் குறைவு என்பதால் ஆறு மாதம் தாண்டும். ரவையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து வைத்தால் நாலைந்து மாதம். மாவில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தால் அந்துப்பூச்சியின் புழு, சலித்து மாளாது. கொட்டிவிட்டு டப்பாவின் மூடி இடுக்கையும் துடைத்து எடுங்கள்.

கருப்பட்டி உருகுகிறதே, கலப்படமா?

கலப்படத்திலும் உருகும், நல்லதும் உருகும். காற்றிலிருந்து ஈரம் இழுப்பது கருப்பட்டியின் குணம். அதை வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது.

பதநீர் இறங்கும் காலத்தில் வாங்கிய புதுக் கருப்பட்டியை அடுத்த பதநீர் வரைக்கும் வைத்திருந்த வீடுகளில் இரண்டு விஷயம் இருந்தது. ஓலைப்பெட்டி ஒன்று, விறகடுப்புக்கு மேலே பரண் ஒன்று. அடுப்புச் சூடும் புகையும் தினமும் ஈரத்தை விரட்டிக்கொண்டே இருந்தன. இப்போது விறகடுப்பு போய்விட்டது, பழக்கம் மட்டும் மிஞ்சி, அதே ஓலைப்பெட்டியைக் கேஸ் அடுப்புள்ள அடுக்களையில் மாட்டிவைத்து ஆனி மாதம் தேன்போல ஒழுகவிடுகிறோம். பரண் இல்லாத வீட்டில் ஓலைப்பெட்டியால் பயனில்லை. ஒவ்வொரு கருப்பட்டியையும் தாளில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில், அடியில் ஒரு கை உமியோ வறுத்த அரிசியோ போட்டு வையுங்கள். ஒரு வருஷம் தாங்கும்.

மேலே வெள்ளையாக மாவுபோலப் பூத்திருந்தால் சில சமயம் அது சர்க்கரை மணியாகவே இருக்கும். விரலில் தேய்த்தால் நறநறக்கும். பஞ்சுபோல இருந்து, மக்கின வாடை அடித்தால் பூசணம். ஒழுகிப்போனதை வீணாக்காதீர்கள். புளித்த வாடை இல்லையென்றால் காய்ச்சி வடிகட்டிப் பாகாக வைத்து காப்பிக்கோ, முந்திரிக்கொத்துக்கோ எடுத்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் தேன் அடியில் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்திருப்பார்களோ?

நம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரப்பதைத் தேனீ எடுக்கிறது. இந்தத் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் சுபாவம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும். அடுப்பில் வைக்க வேண்டாம். தேனுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் அதில் தண்ணீர் 20 விழுக்காட்டைத் தாண்டினால் புளித்து நுரைக்கும். ஈரக் கரண்டி போடாதீர்கள். ஒரு வயசாகாத பிள்ளைக்கு எந்தத் தேனும் நாக்கில் தடவ வேண்டாம், பேர் வைக்கிற அன்றைக்குக்கூட.

தேங்காய் எண்ணெய்?

உணங்கிய கொப்பரையில் ஆட்டினது ஒரு வருஷத்துக்கும் மேலே நிற்கும். சீக்கிரம் காறினால் கொப்பரையில் ஈரம் இருந்திருக்கிறது. மில்லில் இருந்து கொண்டுவந்ததும் இரண்டு நாள் தெளியவிட்டு, கசடை விட்டுவிட்டு மேலெண்ணெயை மட்டும் எடுத்து, வெயிலில் ஒரு பகல் வைத்து, அப்புறம் அடையுங்கள். நல்லமிளகு நாலு போடுவது வழக்கம், போடுங்கள், கெடுதலில்லை. மார்கழிக் காலையில் உறைந்தால் பயப்படாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே உறைவதுதான் தேங்காய் எண்ணெய்.

ஆட்டக் கொடுக்கும் முன்னால் பூசணம் பிடித்த கொப்பரையைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

மிளகாய் வத்தல், மசாலா, நிலக்கடலை?

முழுசாக வைத்தால் இரட்டை ஆயுசு. நல்லமிளகும் மாறாமலைக் கிராம்பும் இரண்டு மூன்று வருஷம் மணம் மாறாமல் இருக்கும். பொடித்த மசாலா ஆறு மாதத்தில் வெறும் நிறமாகிவிடும். கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் நல்லது.

வத்தலையும் நிலக்கடலையையும் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஈரத்தில் இவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமென்று உறுதியானது அது. வறுத்தாலும் பொரித்தாலும் குழம்பில் கொதித்தாலும் போகாது. வத்தலைக் கிள்ளிப் பார்த்து உள்ளே விதை கறுத்திருந்தால் எறியுங்கள், கடலையில் சுருங்கிக் கறுத்தது வாயில் கசந்தால் துப்புங்கள். வத்தலைக் காம்போடு வையுங்கள், காம்பு கிள்ளின ஓட்டை வழியாகத்தான் ஈரம் நுழையும். அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) ஃபிரிட்ஜில் ஒரு வருஷம், வெளியே மூன்று நாலு மாதம்.

புளி, கொடம்புளி, உப்பு, சீனி?

நான்குக்கும் காலாவதி இல்லை. புளியைக் கொட்டை எடுத்து கல்லுப்பு தூவிப் பரணியில் அமுக்குங்கள். கறுக்கும், கெடாது. எவர்சில்வரில்கூட நாள்பட வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கோ பீங்கானோ போதும். சீனி கட்டி பிடித்தால் உடைத்துக்கொள்ளலாம். அயோடின் உப்பில் மட்டும் ஈரம் ஏற ஏற அயோடின் குறையும்.

மரச்சீனியும் கருவாடும்?

பிடுங்கிய மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் உள்ளே நீலக்கோடு ஓடும். வெட்டி அவித்து உணக்கினது ஒரு வருஷம் வரைக்கும் போகும். அவிக்காமல் உணக்கினதைச் சீக்கிரம் பூச்சி துளைத்துவிடும்.

கருவாட்டை வாங்கும்போதே வளைத்துப் பாருங்கள், துணிபோல மடங்கினால் உள்ளே ஈரம். வீட்டில் இன்னொரு வெயில் காட்டி, தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மாதம். வெளியே வைத்தால் மழைக்காலத்தில் ஒரு மாதமே அதிகம். மேலே ரோஸ் நிறம் படர்ந்திருந்தால் உப்பிலேயே வளரும் நுண்ணுயிர் அது, வாங்காதீர்கள்.

பாக்கெட் தேதி தாண்டிவிட்டது, எறிய வேண்டுமா?

இரண்டு தேதி உண்டு. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை ருசியும் மணமும் குறையாது என்று கம்பெனிக்காரன் சொல்கிறான். 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' தாண்டினால் தொடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் இந்த இரண்டாவது தேதிதான் கட்டாயம். எந்தத் தேதியும் பாக்கெட்டைப் பிரிக்கும்வரைதான். பிரித்துக் கிளிப் போட்டு மழைக்காலத்தில் வைத்த பாக்கெட்டுக்கு உங்கள் மூக்குதான் தேதி.

ரேஷன் அரிசியில் மிதக்கிற மணி பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக் இல்லை. 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்த செறிவூட்டிய அரிசி, அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த மணி. பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். வைக்கும் முறை மற்ற அரிசிக்குள்ளதுதான்.

மழைக்காலத்துக்கு எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

இரண்டு வாரத்துக்குப் போதும், நான் கடைக்காரனாக இருந்தும் சொல்கிறேன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது மரம் விழுந்து வழியடைந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரீசரை நம்பி வைத்தவை முதலில் போயின. மேலே அரிசிக்கும் பயறுக்கும் சொன்ன ஃப்ரீசர் யோசனையைச் சேமிப்பறையாக நினைக்காதீர்கள், வண்டு கொல்ல ஒரு வாரம், அவ்வளவுதான். அவல், பொரிகடலை, கருப்பட்டி, வறுத்த மாவு என்று அடுப்பு அதிகம் கேட்காதவையும் கொஞ்சம் இருக்கட்டும்.

அந்த வாரம் என் கடையில் முதலில் தீர்ந்தது தீப்பெட்டியும் மெழுகுவர்த்தியும். நாலாம் நாள் ஒரு ஆச்சி வந்து, வீட்டில் தீப்பெட்டி இருக்கு மக்ளே, ஒரு குச்சியும் பத்தமாட்டேங்கு என்றார்கள். தீப்பெட்டியும் ஈரத்தில் கெடுகிற சாமான்தான். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி நன்றாக உணக்கி, ஒரு கட்டுத் தீப்பெட்டியை உள்ளே போட்டு இறுக்கி மூடி வையுங்கள்.